இரவல் கனவு

"ஏய், ஒரு கனவு இருந்தா கொடேன்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கிற தோரணையில் நின்றிருந்தார் கணவர்.

"காலையிலேயே என்னங்க கேக்கறீங்க?"

"பதினோரு மணிக்கு அந்த டாக்டரம்மாகிட்டப் போகணும். ஒரு கனவோட வாங்கன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. எனக்கு ஏது கனவு? படுத்தா கட்டை, எழுந்தாத்தான் மனுஷன்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் புலி. வாயைத் திறந்தாலும் புலிதான். போன மாதம் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் ஒரு பெரியவர் சிக்கிக்கொண்டார். "தம்பி, பயமா இருக்குப்பா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"பயந்தா லிஃப்ட் மேல போயிடுமா? வாயை மூடிட்டு நில்லுய்யா!" என்று வெளியிலிருந்து ஒரு போடு போட்டார் இவர்.

பெரியவர்தான் அந்தக் கட்டடத்துக்கே சொந்தக்காரர்.

கம்பெனியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். ஆழ்மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் ஆறு வாரம் போக வேண்டும். 'ஆள் தேறிவிட்டார்' என்று அவர் கடிதம் கொடுத்தால் மறுபடி லிஃப்ட். இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை கிடங்கில் உட்கார்ந்து திருகாணி பிரிக்கும் வேலை.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள்.

"ஒண்ணு இருக்கு. பரீட்சை ஹால். எல்லார் கையிலயும் பேனா. நம்ம கையைப் பார்த்தா பல் தேய்க்கிற பிரஷ்."

"சீ, இதெல்லாம் ஒரு கனவா? சரி, பரவாயில்ல, கொடு."

டாக்டரம்மா இரண்டு பக்கம் எழுதிக்கொண்டார். "எல்லாரும் தயாரா இருக்காங்க, நான் மட்டும் இல்லைங்கற பயம். 'உனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு சின்ன வயசுல யாரோ சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க, இல்லையா?"

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. மாமனாரை அவருக்குத் தெரியாதா! சொல்லக்கூடிய ஆள்தான்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "உனக்கு எல்லாம் தெரியும்மா" என்றார்.

மனைவி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஜுரம் இல்லை.

அடுத்த வாரம் ஒட்டகச்சிவிங்கி. அது லிஃப்டுக்குள் கழுத்தை மடக்கிக்கொண்டு நிற்கிறதாம். ஏறுகிறவர்களிடமெல்லாம், "இன்னும் எத்தனை மாடி சார்?" என்று கேட்கிறதாம்.

"நிமிர இடமில்லாம வாழற மனசு" என்றார் டாக்டரம்மா.

மெக்கானிக் நேரே வீட்டுக்குப் போனார். சமையலறை அலமாரியில் வருடக்கணக்காகக் குடியிருந்த தன் ஸ்பானர் பெட்டிகளையெல்லாம் பால்கனிக்குத் தூக்கினார். "இனிமே இது உன் இடம். தாராளமா இரு" என்றார். மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அலமாரியை விடுவாளா, உடனே நாலு டப்பாவை எடுத்து வைத்துவிட்டாள்.

ஆறாவது வாரக் கனவுதான் ஆளைச் சாய்த்தது.

சந்தையில் ஒரே கூட்டம். ஒரு குழந்தை அப்பா கையை விட்டுவிட்டு நிற்கிறது. 'அப்பா, நான் இங்க இருக்கேன்' என்று கூப்பிடுகிறது. அவர் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கிறார். குழந்தை இன்னும் பலமாகக் கத்துகிறது.

டாக்டரம்மா இந்தத் தடவை எதுவும் எழுதவில்லை. "சத்தம் போட்டாத்தான் நம்மளை யாராவது பார்ப்பாங்கன்னு அந்தக் குழந்தை அன்னிக்கே முடிவு பண்ணிடுச்சு. பாவம், அது இன்னும் அங்கயேதான் நிக்குது."

மெக்கானிக் அழுதார். அதிலும் அடக்கம் தெரியாது அவருக்கு. வெளியே காத்திருந்த இரண்டு பேர் பயந்து, இன்னொரு நாள் வருகிறோம் என்று எழுந்து போய்விட்டார்கள்.

டாக்டரம்மா கம்பெனிக் கடிதத்தை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"போடாதீங்க டாக்டர்! நான் ஒரு ஃபிராடு."

"என்ன சொல்றீங்க?"

"ஆறு வாரமா நான் சொன்னதெல்லாம் என் பொண்டாட்டியோட கனவு. இரவல் வாங்கிட்டு வந்தேன். இவ்வளவு பயத்தையும் உள்ள வெச்சுக்கிட்டு எனக்குப் பொங்கிப் போட்டிருக்கா. நான் வேற தினம் கத்தியிருக்கேன். கடிதம் கிடக்கட்டும், நான் திருகாணி பிரிச்சுக்கறேன். நீங்க அவளைப் பாருங்க."

மறுநாள் அரை நாள் லீவு போட்டு அவரே மனைவியை அழைத்து வந்தார். "பயப்படாதே, எதையும் மறைக்காமச் சொல்லு" என்று உள்ளே அனுப்பிவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு வெளியே உட்கார்ந்தார்.

டாக்டரம்மா குரலில் இரக்கத்தைக் குழைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "உங்க கனவையெல்லாம் கேட்டேன்மா. அந்தச் சந்தைக் கனவைச் சொல்லி நேத்து உங்க வீட்டுக்காரரே அழுதுட்டார். எவ்வளவு கஷ்டம் உங்களுக்குள்ள..."

"என் கனவா? நல்லா இருக்கே! தூங்கினாத்தானே டாக்டர் கனவு வரும்?"

"ஏன், தூக்கம் வரலையா?"

மனைவி கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"வந்தாலும் அவர் விடணுமே! படுத்த அரை மணியில ஆரம்பிச்சிடுவார். பேச்சு, கத்தல், அழுகை, எல்லாம் உண்டு. பிரஷ், ஒட்டகச்சிவிங்கி, சந்தை, அத்தனையும் தூக்கத்துல அவர் உளறினது. நான் தட்டிக் கொடுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பேன். விடிஞ்சா அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. கனவு வேணும்னு வந்து நின்னாரா, அவருதை எடுத்து அவர்கிட்டயே கொடுத்தேன்."

டாக்டரம்மா மேஜை டிராயரைத் திறந்தார். பிறகு அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இதை அவர்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"ஐயோ, இப்பவும் சொல்லிடாதீங்க டாக்டர்! அந்தக் குழந்தை நான்னு நெனச்சதாலதான் அவருக்கு அழுகை வந்துச்சு. தான்தான்னு தெரிஞ்சிருந்தா, அதையும் ஒரு அதட்டு அதட்டி உட்கார வெச்சிருப்பார்."