தோண்டக்கூடாத இடம்

முன்பு இரண்டு அரசர்கள் எல்லைக்காக அடித்துக்கொண்டபோது எழுப்பிய மண்மதில் அது. பால்குடி மறவாத பிள்ளைகள் இறந்தால் அதன் அடியில்தான் ஊரார் புதைப்பார்கள். போன மாதம் தொல்லியல் துறை அங்கே பலகை நட்டு, தோண்டினால் சிறை என்று எழுதி, சிவனணைந்தான் என்பவனைக் காவலுக்குப் போட்டது.

பேராச்சி, இறந்துபோன தன் பெண்பிள்ளையைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு, மண்வெட்டியோடு வந்தாள். அவன் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டான்.

“வேற இடம் பாரு தாயி. என் வேலை போயிரும்.”

“இவ அண்ணன் இங்கனதான கெடக்கான். எட்டு நாள் பிள்ளை ஒத்தையில எப்படிக் கெடப்பா?”

அவன் மண்வெட்டியைத் தரவில்லை. அவள் பிள்ளையை மதிலின் சரிவில் கிடத்தினாள். பலகைக்கு அப்பாலிருந்த தன் புஞ்சையில் வெறுங்கையால் மண்ணைப் பறித்து, அதே கூடையில் சுமந்து வந்து பிள்ளையின் மேல் கொட்டினாள். கொட்டக்கூடாது என்று பலகையில் இல்லை. அவன் இரண்டு தடவை படித்துப் பார்த்தான்.

மூன்றாவது கூடையை அவளால் தலைக்கு ஏற்ற முடியவில்லை. பிள்ளை பெற்று எட்டே நாளான பச்சை உடம்பு. அவனையே பார்த்தாள். அவன் போய்த் தூக்கிவிட்டான்.

“இன்னும் எத்தனை கூடை தாயி?”

“மதிலோட மதிலா ஆவுத வரைக்கும்.”