வெடிமருந்துக்கு மேலே ஒரு கட்டில்

"வெடிமருந்து இருக்குற கிடங்குலயே அதை வெடிக்க வைக்குற டெட்டனேட்டரையும் வைக்க முடியாது சார். விதி அது," என்றார் கப்பலின் சரக்கு அதிகாரி.

"எனக்கே விதி சொல்றீங்களா? ஒரே ஒரு சின்னப் பெட்டி! கடைசிக் கிடங்குக்கு மாத்தினா அரை நாள் போயிடும். பொறுப்பு என்னோடதுன்னு எழுதித் தர்றேன், போதுமா?" சரக்கு ஏஜென்ட் பேனாவை உருவினார். வெளியே பெட்டி கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது.

கப்பலில் இருபத்திரண்டு பேர். அதிகாரி மேசையில் கிடந்த தடித்த நோட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"தாராளமா எழுதுங்க. ஆனா எழுதித் தர்றவர் கப்பல்லயே கூட வரணும்னு போட்டிருக்கு. உங்க கட்டில் அந்தக் கிடங்குக்கு நேர் மேலே. பதினெட்டு நாள். வீட்ல சொல்லிடுங்க."

ஏஜென்ட் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"அரை நாள்தானே... மாத்திடுங்க." விட்டால் போதும் என்று படியிறங்கினார்.

சத்தம் கேட்டு வந்து வாசலிலேயே நின்றிருந்த கேப்டன் உள்ளே நுழைந்தார். "இத்தனை வருஷத்துல நான் பார்க்காத விதியா இருக்கே! எங்க, காட்டுங்க."

அதிகாரி நோட்டை நீட்டினார்.

கப்பல் சமையல்காரரின் கோணல் கையெழுத்தில், முதல் வரி: 'வெங்காயம், நாற்பது கிலோ.'