அன்றைய தப்பு

ஆசிரியர் பயிற்சிக்காகக் கல்லூரியிலிருந்து அந்த அரசுப் பள்ளிக்கு வந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஜெசிந்தா, தினமும் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாகப் போடுவாள். கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு அன்றைய சாக்பீஸ். இன்று அவளுக்கு மதிப்பெண் போடப் பேராசிரியர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பயத்தில் எல்லாவற்றையும் சரியாகவே போட்டுவிட்டாள். பிள்ளைகள் தேடித் தேடிச் சலித்தார்கள். பேராசிரியர் குனிந்து எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், வகுப்பில் வாயே திறக்காத முபீனா எழுந்து வந்து, ஒரு விடையை உள்ளங்கையால் அழித்துத் தப்பாக மாற்றினாள்.

“என்ன பண்றே?”

“நீங்க மறந்துட்டீங்கக்கா.”

முபீனா சாக்பீஸோடு நேரே கடைசி பெஞ்சுக்குப் போனாள். “எது தப்புன்னு கண்டுபிடிங்க சார்.”

அவர் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜெசிந்தா முபீனாவின் இடத்தில் போய் உட்கார்ந்து, தானும் பொத்திக்கொண்டாள்.