ரக்ஷனா எடுத்த படம்

நீதி என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டு மறுபடியும் வந்து நிற்கிறார்கள்.

அதுவும் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமில்லாத நேரம். என் மளிகைக் கடை வாசலை மறித்துக்கொண்டு பன்னிரண்டு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள், கழுத்தில் அட்டை, கையில் கேள்வித்தாள்.

கூட்டி வந்த ஆசிரியர் பிரபாகர் போன வருடமும் வந்தவர். தத்துவம் சொல்லிக் கொடுக்கிறாராம். பாதி வகுப்பில், பாதி தெருவில்.

முதலாளியாகப் பிறப்போமா தொழிலாளியாகப் பிறப்போமா என்று உங்களுக்குத் தெரியாது, அப்படி நினைத்துக்கொண்டு இந்தத் தெருவுக்கு ஒரு சட்டம் எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தன் என் வெங்காய மூட்டை மேல் தாளை வைத்து எழுதவே ஆரம்பித்துவிட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை எடு, வியாபாரம் நடக்கிற இடம் என்றேன்.

ஆசிரியர் முகம் சுண்டிப் போயிற்று. போகட்டும். போன வருடம் இதே கூட்டத்துக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தவன் இந்த ஹனீபாதான்.

பிள்ளைகளை விலக்கிக்கொண்டு ரக்ஷனா முன்னால் வந்தாள். அவளை மறக்க முடியுமா? போன வருடப் படம் அவள் எடுத்தது. என் கடை வாசலில் தங்கராஜு அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரிப்பான். 'ஓய்வு நாள்' என்று பெயர் வைத்துப் பள்ளிக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினாள்.

தங்கராஜு ஈசூன் பக்கம் கட்டுமான வேலைக்கு ஊரிலிருந்து வந்தவன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் என் கடைக்கு வந்து மூட்டை இறக்குவான், வெங்காயம் நிறுப்பான். கூலி கிடையாது. பிரியாணியும் பேச்சும்தான். அனுமதி வாங்கிய வேலையைத் தவிர வேறு எங்கேயும் அவன் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ரக்ஷனா கையில் ஒரு பை. உள்ளே பொன்னாடை. இந்த வருடப் பள்ளி விழாவில் அவனை மேடையேற்றிப் போர்த்தப் போகிறார்களாம். தேக்காவில் கடை கடையாக ஏறி அவளே வாங்கினாளாம்.

"தங்கராஜு அண்ணன் எங்க அங்கிள்? வர்ற வெள்ளிக்கிழமை அவர் லீவு போட முடியுமா?"

என்ன சிரிப்பு அந்த முகத்தில்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அதிகாரிகள் வந்தார்கள். எனக்கு அபராதத்தோடு போயிற்று. அவனுடைய வேலை அனுமதியை ரத்து செய்து, ஒரே வாரத்தில் விமானம் ஏற்றிவிட்டார்கள். இனி இங்கே வரவும் முடியாது. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் அவன் கட்டிக்கொண்டிருந்த வீடு ஜன்னல் மட்டத்தோடு நிற்கிறது.

இதை ஆசிரியரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வயதுக்கு அதுதான் அழகு. நான் அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"போதும் லா. அவன் இங்க இல்ல. நீ எடுத்த படத்தாலதான் புடிச்சு ஊருக்கு அனுப்பிட்டாங்க. இது எந்த நீதின்னு உங்க சார்கிட்டயே கேட்டுக்க."

பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். பொரிகடலை வாங்க வந்த இரண்டு பேர் அப்படியே நின்றார்கள். சின்னப் பிள்ளையிடம் இப்படியா பேசுவது பாய் என்று ஆசிரியர் ஏதோ ஆரம்பித்தார். உங்கள் பிள்ளைகளுக்கு மதிப்பெண், அவன் பிள்ளைகளுக்குப் பட்டினி, நல்ல பாடம் சார் என்றேன்.

ரக்ஷனா அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் உதடு வெளுத்து, பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அவருடைய நம்பர் கொடுங்கள் அங்கிள், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். மூன்று தடவை கேட்டாள்.

நம்பரை மாற்றிவிட்டான், என்னிடம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

போனார்கள். கூட வந்த பெண் ஒருத்தி தோளில் கை போட்டபோது ரக்ஷனா தட்டிவிட்டாள். பதினைந்து வயதுதான் இருக்கும். இனி அவள் கேமராவைத் தொடுவாளா என்பது சந்தேகம்தான்.

நம்பர் என் கைப்பேசியில்தான் இருக்கிறது. கொடுத்தால் தங்கராஜு அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவான்.

பள்ளியில் அவள் வைத்த படத்தில் முகமே கிடையாது. கடைப் பெயரும் கிடையாது. தோளும் மூட்டையும் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டியிருந்தாள். எளிய மனிதரைப் படம் எடுத்தால் அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பிரபாகர் சார் வகுப்பில் சொல்லியிருந்தாராம். முழுப் படத்தை ஒரே ஒரு பிரதி போட்டு, கண்ணாடி மாட்டி, எனக்குக் கொடுத்தாள். வீட்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் அங்கிள், கடையில் மாட்டாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

பொடிசு, இதற்கு என்ன தெரியும் என்று அன்று சாயங்காலமே கல்லாவுக்கு மேலே மாட்டினேன். வந்தவன் போனவன் எல்லாம் பார்த்து நல்லா இருக்கிறது என்றான்.

ஒரு புதன்கிழமை, சீரகம் வாங்கிய ஒருவர் படத்தைக் காட்டி இது யார் என்று கேட்டார். நம்ம தங்கராஜு, ஞாயிற்றுக்கிழமையானால் கடையே அவன் கையில்தான் என்று அந்த அதிகாரியிடம் நான் பெருமையாகச் சொன்னேன்.