தொரை வூட்டுக் கடுதாசி

"யாரு பெத்துப் போட்டதோ! தொரை வூட்டுக்குள்ள அது வரக் கூடாது."

கிருஷ்ணப்பன் முடிவாகச் சொல்லிவிட்டார். மருமகள் நிர்மலா செல்போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அதில் மூன்று மாதப் பெண் குழந்தையின் போட்டோ. தத்து கொடுக்கும் இடத்திலிருந்து வந்திருந்தது. நாளை சாயங்காலத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

"அப்பா சரின்னா எனக்கும் சரி" என்று கணவன் ரஞ்சித் நழுவிவிட்டான்.

மாரண்டஹள்ளியில் அவர்கள் வீட்டுக்குத் 'தொரை வூடு' என்றுதான் பேர். எந்தக் காலத்திலோ ரோடு போட வந்த வெள்ளைக்காரர் ஒருவர், உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அவர் வம்சம். கிருஷ்ணப்பனின் பூனைக்கண்தான் சாட்சி. தோட்டத்துக் கல்லறையில் துரையின் பேருக்குக் கீழே 'யார்க்' என்று ஊர்ப் பேர் செதுக்கியிருந்தது. இங்கிலாந்தில் இருக்கும் அந்த நகரத்துத் தேவாலயத்துக்கு ரஞ்சித் முன்பே எழுதிப் பூர்வீகம் கேட்டிருந்தான்.

போட்டோ வந்த மறுநாள் அதற்குப் பதில் வந்தது. ரஞ்சித் ஓசூருக்கு வேலைக்குப் போயிருந்தான். கிருஷ்ணப்பன் தங்கை நஞ்சம்மாளையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிவிட்டு, பிரித்திருந்த கவரை மருமகளிடம் நீட்டினார்.

"படிம்மா. எல்லாருக்கும் கேக்கணும்."

நிர்மலா மனசுக்குள் ஒருமுறை படித்தாள். முகம் மாறியது.

"என்னம்மா, இங்கிலீஷ் மறந்துபோச்சா?" நஞ்சம்மாள் இடித்தாள்.

"இல்லைங்க அத்தை... ஞானஸ்நானப் பதிவேட்டுல தொரை பேரு இருக்குதாம். பெரிய குடும்பமாம். கோயிலுக்குப் பக்கத்துலயே வூடாம்."

"பாத்தீங்களா! எங்க அண்ணன் பூனைக்கண்ணு சும்மா வந்துச்சா? இந்த வூட்டுலதான், யாரோ அரசாங்கத் தொட்டில்ல போட்டுட்டுப் போன புள்ளைய இவ வளக்கப் பாத்தா!"

நிர்மலா கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

காபி குடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கிருஷ்ணப்பன் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"அப்படியாம்மா எழுதியிருக்குது?"

அவள் தலை குனிந்தாள்.

"காலையிலயே போஸ்டாபீஸ்ல குடுத்துப் படிச்சுக் கேட்டுக்கிட்டேன். தொரை, கோயில் வாசப்படியில துணி சுத்திக் கெடந்த புள்ள. அப்பன் ஆத்தா தெரியல. ரொட்டி சுடற பொம்பள ஒருத்தி தூக்கிட்டுப் போயி வளத்தா. அதுதான?"

"ஆமாங்க மாமா."

"என் வாயால சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீ படிச்சிருவேன்னுதான் எல்லாரையும் கூப்பிட்டேன். உள்ளதப் படிச்சிருந்தா உன் காரியமும் ஆயிருக்கும். ஏம்மா மறைச்ச?"

"எல்லார் முன்னாடியும் உங்களத் தலைகுனிய வெச்சுட்டு அவளக் கூட்டியாந்தா, அவ மூஞ்சியப் பாக்கறப்பெல்லாம் உங்களுக்கு அதுதானங்க மாமா ஞாபகம் வரும்?"

கிருஷ்ணப்பன் கையை நீட்டினார்.

"போனக் குடு."

போட்டோவைக் கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். போனோடு வாசலுக்கு நடந்தார். நஞ்சம்மாள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் இன்னும் தெரு முக்கைத் தாண்டவில்லை.

"யாரும் போகாதீங்க! கடுதாசியில நெசமா என்ன இருக்குதுன்னு நான் சொல்றேன். நஞ்சம்மா, அப்படியே உம்பேத்தி போட்டோவையும் பாத்துட்டுப் போ!"