புள்ளி சாருக்கு உறைக்கவில்லை

"உங்களுக்கெல்லாம் சூடு சொரணையே கிடையாதா சார்?"

புது டைப்பிஸ்ட் கேட்ட கேள்வியில் ப்ரூஃப் ரீடர் தலை நிமிர்ந்தார். இருபத்தெட்டு வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து பிழை திருத்துகிறவர். எழுத்துக்கு மேல் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஆளை விடமாட்டார் என்பதால் ஆபீசில் அவர் பெயர் புள்ளி சார்.

"தெரியலையேம்மா. ஏன் கேக்குறீங்க?"

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகிறது, அதற்குள் ஒரு பெரிய மனுஷரை இப்படியா பேசுவது என்று உங்களுக்குக் கோபம் வரும். காலையில் நடந்தது தெரியாவிட்டால் எனக்கும் வந்திருக்கும்.

அது ஆங்கிலம்-தமிழ் அகராதி தயாரிக்கும் ஆபீஸ். அதன் தலைமை ஆசிரியர் ஒரு விடாக்கண்டன். உதாரண வாக்கியத்தை யாரும் கற்பனையில் எழுதக்கூடாது. அது ஆபீசுக்குள் நிஜமாகவே நடந்திருக்க வேண்டும், இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 'வழுக்கி விழுதல்' வந்த அன்று மாடிப்படியில் எண்ணெய் ஊற்றினார்கள். கணக்கர் மாவுக்கட்டோடு வந்து கையெழுத்துப் போட்டார். யானை மட்டும் இன்னும் அகராதியில் ஏறவில்லை.

அன்றைக்கு வந்த சொல் 'திக் ஸ்கின்ட்'. முதல் அர்த்தம், தோல் தடித்தது. பதினொரு மணிக்கு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில், ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்தார்கள். சுளைகளை ஆசிரியரே சாப்பிட்டுவிட்டார்.

இரண்டாவது அர்த்தம்தான் வில்லங்கம். என்ன திட்டினாலும் உறைக்காத மனுஷர்.

"ஆளைப் பிடிங்கம்மா" என்று ஆசிரியர் டைப்பிஸ்டிடம் சொன்னார். "இன்னையோட உங்க ஆறு மாசம் முடியுது. அஞ்சு மணிக்குள்ள உதாரணம் வந்தா வேலை நிரந்தரம். வரலைன்னா நாளைக்கு வர வேண்டாம்."

அவள் கணவன் பட்டறையை மூடி நாலு மாசம். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். முடியாது சார் என்று சொல்லிவிட்டு வர முடியுமா?

முதலில் கணக்கரிடம் போனாள்.

"உங்க கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு சார்."

அவர் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்தார். ஆசிரியருக்கு ஏக சந்தோஷம். அதை, தொட்டாற்சுருங்கி என்று அர்த்தம் வரும் 'தின் ஸ்கின்ட்' பக்கத்தில் சேர்த்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது புள்ளி சார்தான். முன்கூட்டியே சொன்னால் நடிப்பாகிவிடும் என்று ஆசிரியரும் கணக்கரும் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

அப்படி ஆரம்பித்ததுதான் அந்தச் சூடு சொரணைக் கேள்வி.

"இந்தச் சட்டையப் பாக்கவே சகிக்கல சார்."

"ஆமாம்மா. வீட்லயும் அதேதான் சொன்னாங்க."

"கண்ணு தெரியாம குத்துமதிப்பாத் திருத்துறீங்க."

"கண்ணாடி மாத்தணும்."

அலமாரி இடுக்கிலிருந்து ஆசிரியரின் கை நீண்டு, இன்னும், இன்னும் என்று சைகை காட்டியது.

அவள் வீட்டுப் பூனையைக்கூட அதட்டிப் பழகாதவள். இருந்ததையெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டு, திட்ட ஒன்றும் கிடைக்காமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயில் வந்ததைக் கொட்டினாள்.

"உங்களால இந்த ஆபீசுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. நாளைக்கே நீங்க வராமப் போனா, நாற்காலி காலியா இருக்கேன்னு யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க!"

சொல்லிவிட்டு அவளே விசும்ப ஆரம்பித்தாள்.

புள்ளி சார் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"தொண்டை கட்டிக்கும்மா. ஒரு வாய் குடிச்சிட்டு மிச்சத்தைத் திட்டுங்க."

"கிடைச்சாச்சு!"

அலமாரியைச் சுற்றிக்கொண்டு ஆசிரியர் ஓடி வந்தார். பின்னாலேயே நொண்டிக்கொண்டு கணக்கர்.

"இருபது நிமிஷம்! மனுஷன் அசையலையே! இவருக்கு மட்டும் உறைச்சிருந்தா உங்க வேலை போயிருக்கும்மா!"

அங்கேயே நின்று ஆசிரியர் சொல்லச் சொல்ல, அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே டைப் அடித்தாள். 'எங்கள் பிழை திருத்துநர் தோல் தடித்தவர்; இருபது நிமிடம் திட்டியும் அவருக்கு உறைக்கவில்லை.'

சாட்சிகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எந்தத் தாளும் அச்சுக்குப் போகுமுன் கடைசிக் கையெழுத்து பிழை திருத்துபவருடையது. அதுவும் விதி.

புள்ளி சார் தாளை வாங்கினார். தன்னைப் பற்றிய வாக்கியத்தை நிதானமாக இரண்டு தடவை படித்தார். 'பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"பாத்தீங்களா, இப்பவும் உறைக்கல!" என்று ஆசிரியர் பூரித்துப்போனார். இந்த மாதிரி ஆளை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

அஞ்சு மணிக்கு வேலை நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது. அதை மடிக்கக்கூட நேரமில்லாமல் அவள் புள்ளி சார் மேஜைக்கு ஓடினாள்.

"மன்னிச்சிடுங்க சார். பிள்ளைங்க முகம்தான் கண்ணு முன்னால இருந்துச்சு. என்னென்னமோ பேசிட்டேன். நல்லவேளை, உங்களுக்கு எதுவும் உறைக்கல."

புள்ளி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க நேரமானது.

"இருபத்தெட்டு வருஷத்துல, தப்புன்னு தெரிஞ்சே நான் அச்சுக்கு விட்ட ஒரே வாக்கியம் அதுதாம்மா."