வயது ஏற்றிய முகம்

தேடப்படும் குற்றவாளிகளைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பழைய புகைப்படங்களுக்குக் கணினியில் வயது ஏற்றித் தருவதுதான் ஆரோக்கியநாதனின் வேலை. அன்று திரையில் இருந்தவன் நாச்சிமுத்து. திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தகராறில் மேஸ்திரியைக் குத்திக் கொன்றுவிட்டுப் பதினான்கு வருடங்களாகத் தலைமறைவாக இருப்பவன். அவனுடைய அப்பாவுக்கும் அண்ணனுக்கும் எப்படி நரைத்தது, எப்படி வழுக்கை விழுந்தது என்று சொல்வதற்காக அவன் மனைவி சரசாளை அழைத்து வந்திருந்தார்கள்.

முன்நெற்றியில் முடியைக் குறைத்து, காதோரம் நரையை ஏற்றியபோது அவள் தலையசைத்தாள். ஒளிந்து திரிகிறவன் இளைத்துத்தான் போயிருப்பான் என்று அவர் கன்னங்களை ஒட்ட வைத்ததும் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள்.

"அப்படி வேண்டாமுங்க சார். எங்கியோ ஒருத்தராச்சும் சோறு போட்டிருப்பாங்கல்லங்க?"

அவர் கன்னத்தை நிரப்பினார்.

"இன்னுங் கொஞ்சமுங்க."

இன்னும் நிரப்பினார். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை அவள் கேட்காமலே அழித்தார். நன்றாக உண்டு உறங்கி எழுந்த ஒரு நடுவயதுக்காரன் திரையிலிருந்து அவளைப் பார்த்தான்.

"இதுல ஒண்ணு எனக்குக் குடுப்பீங்ளா?"

அச்செடுத்துக் கொடுத்தார். முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

உடனே தயாரிப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். "படம் என்ன சார் ஆச்சு? மேஸ்திரியோட சம்சாரம் காலையிலேர்ந்து இங்க உக்காந்திருக்காங்க."

ஆரோக்கியநாதன் கன்னங்களைப் பழையபடி ஒட்ட வைத்தார். கருவளையத்தையும் திரும்ப வரைந்து, அந்தப் படத்தையே அனுப்பினார். நிகழ்ச்சி ஒளிபரப்பாகிற அந்த அரைமணி நேரம், சரசாள் தெருவில் மட்டும் மின்சாரம் இல்லாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டார்.